ஐந்தே முக்கால் பஸ்

என் செல்ல மகளுக்கு,

அம்மாவின் முழங்காலையும் என் இடுப்பையும் கணக்கில் சேர்க்காவிட்டால் இங்கே இருவரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நன்றாக இருப்பதாகப் பதில் வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். போன வாரம் போனில் டிக்கெட் போடட்டுமா என்று நீ கேட்டதற்கு நான் பிடி கொடுக்காமல் பேசினேன், அம்மா பக்கத்திலேயே இருந்தாள், அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மாவின் இலவச நடன வகுப்பை எப்படியாவது நிறுத்தச் செய்து எங்களை உன்னிடம் அழைத்துக்கொள்ள வேண்டும் என்று முன்பே ஒரு தடவை சொன்னாய், நானும் அப்போது சரி என்றேன். எனக்கு உண்மையிலேயே அலுத்துவிட்டது. வாரத்தில் மூன்று நாள் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு நூலகத்து மாடிக்கு இருபத்திரண்டு படி ஏறுவது நான்தான், தரை துடைப்பதும் நான்தான். ஆடுவது பிள்ளைகள், மூச்சு வாங்குவது எனக்கு. எல்லாம் வேறெங்கும் பணம் கட்டிப் படிக்க வழியில்லாதவர்கள். அதில் ஆலைக்குப் பின்னால் இருக்கும் குடியிருப்பிலிருந்து வரும் ஆறு பெண்கள் மட்டும் வகுப்பு முடிய இருபது நிமிடம் இருக்கும்போதே பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள். கடைசியில் எல்லாரும் வரிசையாக நின்று வணங்கிவிட்டுத்தான் கலைய வேண்டும் என்பது அம்மாவின் சட்டம், உனக்குத் தெரியாததா, காய்ச்சலில்கூட உன்னை விட்டாளா. இலவசம் என்றால் இளக்காரமா என்று ஒரு நாள் கத்திவிட்டாள், முடியும்வரை நிற்க முடியாதவர்கள் இனி வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாள். அடுத்த வகுப்புக்கு ஆறு பேரும் வரவில்லை, மிஞ்சியது மூன்று பேர்.

அந்தப் பெண்கள் ஏன் ஓடுகிறார்கள் என்று எனக்கு முதல் வாரமே தெரியும். பஸ் நிலையத்தில் இருபத்தெட்டு வருஷம் டைம் கீப்பராக இருந்தவனுக்குத் தெரியாமல் இருக்குமா. ஆலைப் பக்கம் போகும் பஸ் ஐந்தே முக்காலுக்கு, அதை விட்டால் எட்டு மணிக்குத்தான். வகுப்பு முடிவது ஆறு மணிக்கு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அம்மா நேரத்தை மாற்றியிருப்பாள். நான் சொல்லவில்லை. பழம் நழுவிப் பாலில் விழுகிறது, மிச்சம் மூன்று பேரும் நின்றுவிட்டால் நாமும் கிளம்பிவிடலாம் என்று வாயை மூடிக்கொண்டு இருந்தேன். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை மருந்து வாங்கப் போனபோது பஸ் நிறுத்தத்தில் அந்த ஆறு பேரில் ஒருத்தி, நாங்கள் வாயாடி என்று கூப்பிடுகிறவள், என்னைப் பார்த்துவிட்டாள். டீச்சருக்குக் கால்வலி தேவலையா என்று விசாரித்தாள். பஸ் விஷயத்தை டீச்சரிடம் சொல்லியிருக்கலாமே என்று நான் பெரிய யோக்கியன் மாதிரி கேட்டேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே, "பஸ் இல்லைன்னு சொன்னா ஆட்டோல போன்னு சொல்லுவாங்க தாத்தா. அதுக்குக் காசு இல்லைன்னு எல்லார் முன்னாடியும் சொல்லணும். அதுக்குத் திட்டே வாங்கிக்கலாம்" என்றாள்.

வீட்டுக்கு வந்து பஸ் நேரத்தைச் சொன்னேன், எனக்கு அது எப்போதிலிருந்து தெரியும் என்பதைச் சொல்ல நாக்கு எழவில்லை. மறுநாள் அம்மா வலிக்கிற காலோடு அதே ஐந்தே முக்கால் பஸ்ஸில் கிளம்பிவிட்டாள், நானும் பின்னாலேயே போனேன். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "தப்பு என்மேலதான், எப்படி வீட்டுக்குப் போறீங்கன்னு நான் கேட்கவே இல்லை" என்று பிள்ளையிடமும் பெற்றவர்களிடமும் சொன்னாள். ஆறு வீடு. ஆறு தடவையும் நான் பக்கத்தில் மரம் மாதிரி நின்றேன். நேற்றிலிருந்து வகுப்பு நாலு மணிக்கே தொடங்குகிறது, ஐந்தரைக்கு முடிந்துவிடுகிறது. ஒன்பது பேரும் வந்தார்கள்.

ஆகவே எங்களுக்கு டிக்கெட் எதுவும் போட்டுவிடாதே, இதை மறக்காமல் மாப்பிள்ளையிடமும் சொல். என் அலுப்பு அப்படியேதான் இருக்கிறது, படியும் இருபத்திரண்டுதான், இருந்தாலும் இப்போது வர முடியாது. கோபித்துக்கொள்ளாதே. குளிர் காற்றில் பேரனின் காதை மூடிக் கூட்டிக்கொண்டு போ, டாக்டர் உனக்குக் கொடுத்த மாத்திரையைப் பாதியில் விட்டுவிடாதே. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் மனம் நிறைந்து வாழ வேண்டும்.

வழக்கம்போல அடியில் அம்மா எழுத நாலு வரி இடம் விட்டிருக்கிறேன். மேலே இருப்பதை முழுக்கப் படிக்காமல் அவள் பேனாவைத் தொடமாட்டாள்.

இப்படிக்கு,
உன் அப்பா