பதினெட்டு முதல் இருபத்து நான்கு வயது வரை

கே.கே. நகர்,
திருச்சி.
அக்டோபர் 12

அன்புள்ள அண்ணன் பிரவீன்ராஜுக்கு,

தங்கை லின்சி எழுதுவது. ஆண்டவர் அருளால் நானும் அம்மாவும் நலம். நீயும் அந்த வெயிலில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொள்கிறோம். நலம் என்று எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தால் யார் வீட்டுச் செய்தியோ மாதிரி இருக்கிறது. இருந்தாலும் அடித்து எழுதவில்லை, இருக்கட்டும்.

வாட்ஸ்அப் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். நான் அனுப்புகிற வாய்ஸ் மெசேஜை நீ இரண்டு மடங்கு வேகத்தில் கேட்கிறவன். ஃபோனில் பேசலாம் என்றால் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். என்னோடு படிக்கிற ஹாலித்தின் மாமா ஞாயிற்றுக்கிழமை தோஹா கிளம்புகிறார். முறுக்கு டப்பாவோடு இதையும் கொடுத்து அனுப்புகிறேன். முறுக்கு அம்மா சுட்டது. உப்பு கொஞ்சம் தூக்கல். அம்மா கைக்கு உப்பு தவறியது உனக்கே ஆச்சரியமாக இருக்கும்.

காலேஜில் கடைசி வருட ப்ராஜெக்ட் நடக்கிறது. ஒரு பேய்ப் படத்துக்கு டிரெய்லர் மட்டும் எடுக்க வேண்டும். படம் கிடையாது. இல்லாத படத்துக்கு டிரெய்லரா என்று அப்பா இருந்திருந்தால் கேலி செய்தே என்னை ஒரு வழி பண்ணியிருப்பார். நான், ஹாலித், ஸ்ரீரங்கத்து வைஷ்ணவி, மூன்று பேர் ஒரு குழு. ஹாலித் கேமரா, வைஷ்ணவி நடிப்பு, எழுத்தும் எடிட்டிங்கும் நான்.

எடுப்பதற்கு முன்னால், யாருக்காக எடுக்கிறோம் என்று ஆராய்ச்சி செய்து காட்ட வேண்டும். அதற்குத்தான் மார்க் அதிகம். எங்கள் தைரியராஜ் சார், உலகத்துக்கே படம் எடுக்கிறேன் என்றால் ஒருத்தனும் பார்க்க மாட்டான், வயதைச் சொல்லு, ஊரைச் சொல்லு, அவன் எதுக்குப் பயப்படுவான்னு சொல்லு என்றார். நாங்கள் பதினெட்டு முதல் இருபத்து நான்கு வயது வரை என்று முடிவு செய்தோம். கேள்விகள் தயார் பண்ணிக்கொண்டு ஊர் சுற்றினோம். பேய்ப் படம் தனியாகப் பார்ப்பீர்களா, கூட்டமாகவா? டிரெய்லர் பிடிக்கவில்லை என்றால் எவ்வளவு நேரத்தில் தள்ளிவிடுவீர்கள்? இருட்டு பயமா, சத்தம் பயமா, சத்தமே இல்லாதது பயமா?

துவாக்குடியில் ரூம் எடுத்துத் தங்கிப் படிக்கிற பையன்கள் ஹெட்ஃபோன் போட்டுத்தான் பார்ப்பார்களாம், அதனால் சத்தம்தான் முக்கியம் என்றார்கள். ஒருவன், எங்களுக்குப் பேயெல்லாம் எம்மாத்திரம், அட்டெண்டன்ஸ்தாங்க பயம் என்றான். முசிறியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற பெண்கள், பஸ்ஸிலேயே பார்த்துவிடுவோம், அதனால் எழுத்து பெரிதாகப் போடுங்க என்றார்கள். வைஷ்ணவியின் அப்பா மட்டும், ரங்கநாதர் சயனிச்சிண்டிருக்கிற ஊர்ல பேய்க்கு என்ன வேலை, எடுக்கறதா இருந்தா அக்கரையில எடுத்துக்கோங்கோ என்று சொல்லிவிட்டார். அவர் எங்கள் வயதுப் பிரிவில் வர மாட்டார் என்பதால் அதை எழுதிக்கொள்ளவில்லை.

அந்தக் கேள்விகளுக்கு நானும் ஒரு தடவை பதில் எழுதிப் பார்த்தேன். எதுக்குப் பயம் என்ற இடத்தில் எனக்கு எழுத ஒன்றும் இல்லை. ஜனவரியில் அப்பாவை அடக்கம் செய்த அன்றைக்கும் நான் அழவில்லை. எல்லோரும் தைரியமான பெண் என்றார்கள். தைரியமெல்லாம் இல்லை அண்ணா. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு உதடு இருக்குமே, தொட்டால் தெரியாதே, அப்படித்தான் இருக்கிறேன். அப்போது தொடங்கியது இன்னும் சரியாகவில்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், பேய்ப் படம் எடுக்கிறேன்.

காவிரிக்கு அக்கரையில் என்றால் நம் வீடுதான். ஆள் இல்லாத வீட்டுக்குள் ஒரு பெண் நுழைகிறாள் என்பதுதான் கதை. தெரு ஜன்னலைத் தவிர மற்றதற்கெல்லாம் திரையை இழுத்து விட்டு, சாமான்களை ஓரம் கட்டி, பகலிலேயே எடுத்தோம். அம்மா எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள். ஃப்ரேமில் மட்டும் வந்துடாதேம்மா, சமையலறையிலேயே இரு என்றேன். சரிம்மா என்று போனாள்.

எடுத்து முடித்து, எடிட் செய்து, போன சனிக்கிழமை ஸ்ரீரங்கத்தில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் போட்டுக் காட்டினோம். எங்கள் வயதுப் பிரிவு ஆட்கள் மட்டும். சாரும் வந்திருந்தார். நாங்கள் உயிரைக் கொடுத்து மேக்கப் போட்ட பேய் வந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். ஹாலித்தின் முகம் செத்துவிட்டது. பிறகு எந்த இடத்தில் பயந்தீர்கள் என்று கேட்டோம். ஒருத்தர் விடாமல் ஒரே இடத்தைச் சொன்னார்கள். வைஷ்ணவி ஹாலுக்குள் வரும்போது பின்னால் ஜன்னலோரம் ஒரு அம்மா நிற்கிறாளே, அது என்றார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்படி யாரையும் நாங்கள் நிற்க வைக்கவில்லை.

மறுபடி ஓட்டிப் பார்த்தோம். நம் அம்மா நிற்கிறாள்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டிக்கொண்டு, அசையாமல். ஒரு பெண் சொன்னாள், அந்தம்மா ஒண்ணுமே பண்ணலைங்க, சும்மா நிக்கிறாங்க, அதான் பயமா இருக்கு என்று. ஒரு பையன், அது பொம்மையா, ஆளா என்று கேட்டான். சாருக்கு ஒரே சந்தோஷம். இதுதான் உங்க படமே, போஸ்டரும் இதையே போடுங்க, அந்தப் பேயைத் தூக்கிடுங்க என்றார். ஹாலித்துக்குத் தெரிந்துவிட்டது, என்னையே பார்த்தான். சார் யார் நடித்தது என்று கேட்டார். தெரிந்த ஒருத்தங்க சார் என்றேன்.

அந்த டிரெய்லரை எடிட் செய்தவள் நான். அந்த ஷாட்டை எத்தனை தடவை ஓட்டியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. வெளிச்சத்தைக் குறைத்தேன், நிறத்தை மாற்றினேன். அம்மா என் கண்ணில் படவே இல்லை. ஃபிரிட்ஜ் கண்ணில் படாத மாதிரி. முகம் தெரியாத பசங்களுக்கு முதல் தடவையிலேயே தெரிந்தது.

அவள் ஏன் அங்கே நின்றாள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஷாட் எடுத்தது மாலை ஐந்தரை வாக்கில். அப்பா பொன்மலையில் வேலை விட்டு வருகிற நேரம். தெருமுனையில் ஹாரன் அடிப்பார், அம்மா ஜன்னலில் பார்த்துவிட்டு ஓடிப் போய்க் கேட்டைத் திறப்பாள், அவர் ஸ்கூட்டரை விட்டு இறங்காமலே ராஜா மாதிரி உள்ளே வருவார். இறங்கித் திறந்தால் என்ன குறைந்தா போய்விடும் என்று நீகூடச் சண்டை போட்டிருக்கிறாய். அம்மா இன்னும் அந்த நேரத்துக்குப் போய் நிற்கிறாள் அண்ணா. அன்றைக்கு மட்டும் இல்லை. தினமும். ஃப்ரேமில் வராதே என்று நான் சொன்னது அவளுக்கு மறந்திருக்காது. கால் தானாகப் போயிருக்கும்.

திங்கட்கிழமை அம்மாவுக்கு டிரெய்லரைப் போட்டுக் காட்டினேன். அதுவரை அவளுக்குக் காட்ட வேண்டும் என்றே தோன்றவில்லை. அவளும் எங்கள் வயதுப் பிரிவில் இல்லையே. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேப்டாப்புக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தாள். பேயைப் பார்த்து அவளும் சிரித்தாள். ஜன்னல் வந்ததும் சிரிப்பு நின்றது. யாருடி இந்தம்மா, இப்படி எலும்பும் தோலுமா நிக்கிறாங்க, ஷூட்டிங்குக்கு வந்தவங்களுக்குச் சாப்பாடு ஏதும் போட்டீங்களா இல்லையா என்று என்னைக் கோபித்துக்கொண்டாள்.

நம் வீட்டு ஜன்னல். அவளுடைய அந்த நீலப் பூப்போட்ட நைட்டி. அவளுக்குத் தெரியவில்லை. சாப்பாடு போட்டோம்மா என்று சொல்லி லேப்டாப்பை மூடிவிட்டேன். அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை.

அந்த ஷாட்டை நேற்று வெட்டி எடுத்துவிட்டேன். சாரிடம் அது என் அம்மா என்று சொன்னேன். அவர், சரிம்மா, ஆனா பயம் குறைஞ்சிடும், மார்க்கும் குறையலாம், பார்த்துக்கோ என்றார். பரவாயில்லை சார் என்றேன். மறுபடி சிரிப்புப் பேய்தான் இருக்கிறது. டிரெய்லரிலிருந்து அவளை எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வீட்டில்தான் இன்னும் நிற்கிறாள். இன்றைக்கு நானும் பக்கத்தில் போய் நின்றேன். என்னடி வேணும் என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்றேன். இரண்டு பேரும் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தோம். எதிர்வீட்டுக் கார் வந்தது. அம்மா ஒரு எட்டு எடுத்து வைத்துவிட்டு நின்றுகொண்டாள்.

ஸ்கூட்டரை விற்கச் சொன்னாயே, இன்னும் விற்கவில்லை. கேட்க வந்தவரிடம் அம்மா, பையன் வந்து ஓட்டுவான் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

கல்லறைத் திருநாளுக்கு லீவு கிடைக்காது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று ஃபோனில் சொன்னாய். அம்மா, பாவம் அவன் வேலை அப்படி என்று என்னிடம் உனக்காகப் பேசினாள். அண்ணா, அப்பா கல்லறைக்கு நான் மெழுகுவர்த்தி ஏற்றிவிடுவேன், பூவும் வைத்துவிடுவேன், அதற்காக நீ வர வேண்டாம். அவர் காத்திருக்க மாட்டார். அம்மாவுக்காக வா. எப்படியாவது கேட்டுப் பார், சண்டை போட்டாவது வாங்கு. நான் இதுவரை உன்னிடம் எதுவும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றாமலேதான் இருந்தேன். இப்போது கேட்கிறேன்.

வருகிற நாளை அம்மாவிடம் சொல்லாதே. ஃபிளைட் எப்போது இறங்கினாலும் ஹாலித் வீட்டில் இருந்துவிட்டு, சாயங்காலம் ஐந்தரைக்கு வா. ஆட்டோவைத் தெருமுனையிலேயே நிறுத்திவிடு. ஹாரன் அடிக்க விடாதே, அது அப்பாவுடையது. பையைத் தூக்கிக்கொண்டு நடந்து வா. கேட்டை நீ திறக்காதே அண்ணா. அவள் வந்து திறக்கட்டும்.

உன் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பச் சொன்னாள் அம்மா. அவள் கையால் போட்டதாக நினைத்துக்கொள்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
தங்கை லின்சி