எறும்பு ஏறுகிற வலி

அன்புள்ள தமிழ் டீச்சருக்கு,

என் மணிக்கட்டில் எலும்பு முறிவு இல்லை என்று மருத்துவர் இன்று காலை எழுதிக் கொடுத்துவிட்டார். பயப்படாதே. நீயும் நம் பாப்பாவும் ஊரில் சுகம்தானே?

கிடங்கில் பெட்டி தூக்கும்போது பிடித்துக்கொண்டது. "உயிரே போகுது" என்றேன். இந்த ஊர் மருத்துவருக்கு மொழிபெயர்த்த தமிழ் நர்ஸ் சிரித்தார்.

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க அண்ணே. எது மாதிரி வலிக்குது?"

நான் சொன்னது உயர்வு நவிற்சி. நீ டீச்சர் தேர்வுக்குப் படித்தபோது அணி இலக்கண நோட்டைப் பிடித்துக் கேள்வி கேட்டவன் நான்தானே? உவமைக்கு மாறினேன்.

"கட்டைவிரல்லேர்ந்து முழங்கை வரைக்கும் எறும்பு வரிசையா ஏறுற மாதிரி."

அதுவரை எலும்பு முறிவையே தேடிய மருத்துவர் நரம்புச் சோதனைக்கு எழுதினார். எல்லாம் உன் புண்ணியம்.

அந்த நோட்டை உன் குரலில் படித்துப் பதிவு செய்து அனுப்பு, மெதுவாக. வலது கையில் கட்டு, இது இடது கை எழுத்து, கோழி கிளறியதுபோல் இருக்கும். இதைத் தபாலில் போட அறைத் தோழர் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறார். சோதனை முடிவு வியாழக்கிழமை வரும். கிடங்கில் பழைய வேலை எனக்கு இனியும் உண்டா என்பது அப்போதுதான் தெரியும்.