ஐதரசன் வானை எடுக்கலாமா?

நவம்பர், செவ்வாய்

காலையிலிருந்து தூறல். ஐதரசனை, அதாவது ஹைட்ரஜன் வாயுவை, நம்பி ஒருவன் தன் தொழிலை ஒப்படைக்கலாமா? எனக்குத் தெரியாது. இத்தனை வருட ஆய்வுகூட வேலைக்குப் பிறகும் தெரியாது. தம்பி குகனோ வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்கிறான்.

லண்டன் இல்ஃபோர்டில் அவனிடம் இரண்டு டீசல் வான் வண்டிகள். தமிழ்க் கடைகளுக்கு மரக்கறி இறக்குகிறான். இரண்டையும் கொடுத்துவிட்டு ஐதரசன் வான் எடுக்கும் யோசனை. ஓடிப் பார்க்க வான் கம்பனிக்காரர் ஒன்று இரவலாகத் தந்திருக்கிறார்கள்.

“அக்கா, கெதியா, அஞ்சே நிமிசத்தில நிரப்பலாம். புகையில்லை, பின்னால தண்ணிதான் சொட்டும். இன்னும் என்ன வேணும்?”

“யோசிச்சுச் சொல்லுறன்.”

“நீங்கள் யோசிச்சு முடிக்க எனக்குப் பென்சன் வந்திடும்.”

புதன்

மதிய இடைவேளை. அவன் சொன்னது பொய்யில்லை. மின்வான் எடுத்தால், அது சார்ஜ் ஏறும்வரை குரோய்டன் கடையும் ரெய்னர்ஸ் லேன் கடையும் காத்திருக்காது.

ஆனால் இன்று விற்கும் ஐதரசனில் பெரும்பங்கு இயற்கை வாயுவிலிருந்து எடுப்பது. புகை இங்கே இல்லை, வேறெங்கோ. நீரைப் பிரித்து எடுத்தால் மின்சாரத்தில் பெரும்பகுதி வழியிலேயே வீண். வெடிக்கும் என்ற பயம் எனக்கில்லை; தொட்டி உறுதியானது. பயம் நிரப்புமிடத்தைப் பற்றித்தான். அவனுக்கு எட்டும் தூரத்தில் ஒன்றே ஒன்று. அதை மூடினால் மரக்கறி அழுகும், கடைக்காரர் வேறு ஆளைப் பிடிப்பார்கள். குகனுக்கு வேறு தொழில் தெரியாது.

வீட்டில் பால் முடிந்துவிட்டது; வாங்கவேண்டும்.

வியாழன்

கடும் குளிர். அரைநாள் விடுப்பு. குகனுடன் நிரப்பப் போனேன். பம்பில் ‘பழுது’ என்று ஒரு தாள். முன்னால் நின்ற டாக்சிக்காரர், போன வாரமும் இதே தாள்தான் என்றார். குகன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“புதுச் சாமான் எண்டா முதல்ல இப்பிடித்தான் அக்கா.”

அதுவும் சரிதான். எல்லோரும் என்னைப்போல் தயங்கினால் நிரப்புமிடங்கள் எப்படிப் பெருகும்? ஆனால் முதல் ஆளாக என் தம்பிதான் போகவேண்டுமா?

மாலையில் அவன் மனைவி வசந்தியின் போன். “நாளைக்குக் காலமை கோயில்ல வானுக்குப் பூசை. ஐயரிட்டைச் சொல்லியாச்சு. வந்திடுங்கோ மச்சாள்.”

கையெழுத்தே போடாத இரவல் வானுக்குப் பூசை! தேங்காய் உடைத்த வானை இவர்கள் திருப்பிக் கொடுக்கமாட்டார்கள், அபசகுனம். பிறகு என் பதில் எதற்கு? வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். “ஓம், வாறன்” என்றேன்.

வெள்ளி

நடந்தது இது. நல்ல வெயில். சக்கரங்களுக்கு முன்னால் நான்கு எலுமிச்சம்பழம். ஐயர் கற்பூரத் தட்டுடன் வர, என் கை தானாக நீண்டு மறித்தது.

“என்ன பிள்ளை, பெற்றோல் வாகனத்துக்கும் இதைத்தான் காட்டுறனான். ஒண்டும் வெடிக்கேல்லையே!”

எல்லோரும் சிரித்தார்கள். குகன் சிரிக்கவில்லை. “அக்கா பயப்பிடுறது கற்பூரத்துக்கு இல்லை ஐயா. சொல்லுங்கோ அக்கா. எடுக்கட்டோ?”

“வேண்டாம், குகன்.”

வசந்தி மெதுவாக: “இதை நேற்றே சொல்லியிருக்கலாமே மச்சாள்.”

சொல்லியிருக்கலாம்.

ஐயர் தட்டோடு நின்றார். குகன் குனிந்து, நசுங்காத நான்கு பழங்களையும் தானே பொறுக்கி எடுத்தான். பிற்பகல் வானைத் திருப்பிக் கொடுத்துவிட்டானாம். வசந்திதான் சொன்னாள். அவன் என்னோடு பேசவில்லை.