நீலமா, கறுப்பா

2023 பெப்ரவரி 6, திங்கள்

நிச்சயம் முடிந்து ஒரு கிழமைதான். அதற்குள் மாப்பிள்ளை ஸஜீத் உம்மாவின் போனுக்கு எடுத்து, "ஸபீனாட போன் உடைஞ்சு கிடக்காமே. எது வேணுமெண்டு அவங்களே பாத்துச் சொல்லட்டும், நான் வாங்கித் தாறன்" என்றாராம். உம்மாவுக்குக் கால் நிலத்தில் படவில்லை. கூடப் பிறந்த மூத்தவர் அஹமட் நானா, "தங்கமான பொடியன்" என்றார். தங்கத்தையும் உரைத்துப் பார்த்துத்தானே வாங்குகிறோம் என்றேன். நானா முறைத்தார்.

என்ன செய்வது, என் தொழில் அப்படி. ஃபாமசியில் நிற்கிறவள். எதைக் கையில் எடுத்தாலும் திருப்பி, காலாவதித் திகதியைப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை. பாண் வாங்கினால்கூட அடிப்பக்கத்தைப் பார்ப்பேன்.

நிக்காஹ் நோன்புப் பெருநாள் கழித்து. வாப்பா மௌத்தான பிறகு எனக்குப் பொறுப்பு, வலீ, நானாதான். அன்றைக்கு எனக்காகச் சம்மதித்துக் கையெழுத்து வைப்பவரும் அவர்தான். என் கையெழுத்துக்கு நிக்காஹ் பதிவுப் புத்தகத்தில் இடமில்லை. போனையாவது நானே தெரிவு செய்கிறேன்.

பெப்ரவரி 9, வியாழன்

உம்மாவின் போனில் தேடி மூன்று போன்களைப் பொறுக்கி வைத்திருக்கிறேன். அவற்றின் பெயர்கள் எழுத்தும் எண்ணுமாய் வாயில் நுழைவதில்லை. நானாகவே நீலம், கறுப்பு, பச்சை என்று பெயர் வைத்துக்கொண்டேன். நீலம் ஸஜீத் உம்மாவிடம் சொன்னது. முன்பக்கக் கமரா நல்லதாம். கறுப்பு பார்வைக்குச் செங்கல், ஆனால் பற்றரி இரண்டு நாள் நிற்கும். இந்தக் கரண்ட் வெட்டுக்கு அதுதான் புத்தி. பச்சை மலிவு, கொஞ்ச நேரம் பாவித்தால் சூடாகிறதாம்.

வீடியோக்காரர்களை நம்புவதா? ஒருவன் நீலத்தைத் தலையில் வைத்து ஆடுகிறான். கொம்பனி சும்மா அனுப்பியதாம், ஆனாலும் உண்மையைத்தான் சொல்வானாம். எனக்கும் சும்மா அனுப்பினால் நானும் அப்படி உண்மை சொல்வேன்.

ஆனாலும் ஒரு போனுக்குப் பத்துப் பேர் நல்லது கெட்டது சொல்கிறார்கள். மாப்பிள்ளையின் படம் என்று ஒன்றே ஒன்றுதான் எனக்குக் காட்டினார்கள், கோட்டுப் போட்டது. குறை சொல்ல ஓர் ஆள்கூட இல்லை.

பெப்ரவரி 14, செவ்வாய்

ஸஜீத்தோடு போனில் கதைத்தேன். உம்மா பக்கத்திலேயே இருந்தார். குரல் நல்ல குரல், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். கறுப்பு வேண்டும் என்றேன்.

"அது ஆம்புளைகள்ற போன் மாதிரி. நீலந்தான் உங்களுக்கு வடிவு."

"பற்றரி கூட நேரம்..."

"நீலத்துட பற்றரியே ஒரு நாளைக்குக் காணும். நான் சொல்றன்தானே."

நீலம், நீலம், நீலம். என்னைத் தெரிவு செய்யச் சொன்னவர் ஏன் முன்கூட்டியே தெரிவு செய்து வைத்திருக்கிறார்?

உம்மாவிடம் கேட்டேன். "சந்தேகமும் ஒரு வருத்தம், புள்ள. உன்ட ஃபாமசியில அதுக்கொரு குளிசை மருந்து இல்லையா?" என்றார்.

பெப்ரவரி 15

பச்சையை வெட்டிவிட்டேன். இனி நீலமா, கறுப்பா.

பெப்ரவரி 18, சனி

புத்தளம் டவுனில் கடைகடையாய் ஏறினேன். கறுப்பு இரண்டு கடையில் இருந்தது. பாரம்தான், ஆனால் பெருவிரல் எல்லா மூலைக்கும் எட்டுகிறது. நீலம் ஒரு கடையிலும் இல்லை. கடைசிக் கடைக்காரர் சிரித்துவிட்டார்.

"தங்கச்சி, அந்த மொடல் வந்தது டொலர் ஏற முந்தி. இப்ப வாறதே இல்ல. பாவிச்சது வேணுமெண்டா தேடித் தரலாம்."

அப்படியென்றால் இவர் புதிதாய் எங்கே வாங்கப் போகிறார்?

கடை வாசலில் ஒரு கழுதை காட்போட் பெட்டி ஒன்றை மென்றுகொண்டு நின்றது. பக்கத்தில் வாழைப்பழத் தோல் கிடந்தும் திரும்பிப் பார்க்கவில்லை. தனக்கு எது வேண்டும் என்று அதற்குக்கூடத் தெரிகிறது.

வீட்டுக்கு வந்து நானாவிடம் சொன்னேன். "கொழும்பில அவருக்கொரு கூட்டாளி இரிக்கி" என்றார். எல்லா ஆண்களுக்கும் கொழும்பில் ஒரு கூட்டாளி இருக்கிறான்.

பெப்ரவரி 19

எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்கவா, விடவா? கேட்டால் பேராசைக்காரி. விட்டால் மடச்சி.

மார்ச் 3, வெள்ளி

ஜும்ஆ முடிய ஸஜீத்தும் அவருடைய உம்மா சபூரா மாமியும் வந்தார்கள். ஒரு தட்டு வட்டிலப்பம், ஒரு பெட்டி போன். நீலம்தான்.

பெட்டிக்கு மேல் பளபளவென்று புது உறை. உறைக்குள் பெட்டியின் மூலைகள் மழுங்கியிருந்தன. என் கை சும்மா இருக்குமா, திருப்பிவிட்டேன். அடியில் செய்த ஆண்டு 2021 என்றிருந்தது.

"என்ன மகள், மருந்துப் பெட்டி மாதிரிப் பாக்கிறீங்க?" என்றார் மாமி. எல்லாரும் சிரித்தார்கள். ஸஜீத் மட்டும் சிரிக்காமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 4, சனி

போனை ஓன் செய்தேன். மொழி கேட்டது, சொன்னேன். நிபந்தனைகளுக்குச் சம்மதமா என்று கேட்டது. போனுக்காவது கேட்கத் தெரிகிறதே என்று அழுத்தினேன். பிறகு ஒரு திரை வந்தது. இந்தப் போனில் முன்பு பாவித்த கணக்கைப் போட்டால்தான் திறக்குமாம். உதவிக்கு அந்தக் கணக்கின் முதல் எழுத்தையும் காட்டியது. ஆங்கில 'என்' எழுத்து, அதற்குப் பின்னால் புள்ளி புள்ளியாய்.

ஸஜீத்துக்கும் எனக்கும் 'எஸ்'. மாமிக்கும் 'எஸ்'.

ஆரு இது? புதுப் போனுக்குள்ள முன்னப் பாவிச்ச ஆள் எங்கேரிந்து வந்த? எல்லாருமாச் சேந்து என்ன மடச்சியெண்டா நெனச்ச?

மார்ச் 5, ஞாயிறு

உம்மாவின் போனில் ஸஜீத்துக்கு எடுத்து நேரே கேட்டேன், "இதுக்கு முந்தி இந்தப் போன் யாரிட்ட இருந்த?"

இல்லை என்று சொல்லவில்லை. என்ன கதை இது என்று கேட்கவில்லை. "யார் சொன்ன?" என்று கேட்டார்.

போனே சொன்னது என்றேன். பிறகு எல்லாம் வந்தது. கற்பிட்டிப் பக்கம் நஃபீஸா என்று ஒரு பிள்ளையோடு நிச்சயமாகியிருந்ததாம். போன வருஷம் அவர்கள் பக்கம் வேண்டாம் என்று சொல்லி, கொடுத்த சாமான் அத்தனையையும் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். போனும் அதோடு வந்ததாம்.

"விக்கவும் மனசு வரல்ல, இப்ப விக்கிற விலையில வேற வாங்கவும் ஏலல்ல. மறைச்சது பிழைதான், ஸபீனா. மன்னிச்சிடுங்க."

எனக்குப் பாவமாகிவிட்டது. உண்மையாகவே பாவமாகிவிட்டது. நிச்சயம் உடைவது ஒரு குற்றமா? சீலையைத் திருப்பியனுப்பிய வீடுகளையும் நான் பார்த்திருக்கிறேன், போன் என்றால் மட்டும் என்ன?

கேட்டால், அந்தப் பழைய நிச்சயம் நானாவுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. உம்மாவுக்கும். எனக்கு மட்டும்தான் தெரியாது.

மார்ச் 10, வெள்ளி

ஸஜீத் வந்தார். "கொண்டாங்க, திறந்து தாறன்" என்று போனை வாங்கினார். சீமெந்து விலையைப் பற்றி நானாவோடு கதைத்துக்கொண்டே, ஒரு பெருவிரலால் கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டினார். திறந்துவிட்டது. உம்மா, "பாத்தியா, முடிஞ்சிச்சி" என்று தேத்தண்ணி கொண்டுவந்தார். நானும் சிரித்தேன்.

"உங்கட பேர்லயும் நானே ஒரு கணக்குப் போட்டுத் தாறன். லேசான பாஸ்வேர்டா வைப்பம்."

நானே போடுகிறேன் என்றேன்.

"நமக்குள்ள என்ன மறைவு?" என்றார். சிரித்துக்கொண்டுதான்.

மார்ச் 11, சனி

காலையிலிருந்து ஒரே கேள்வி. நஃபீஸாவின் கடவுச்சொல் அவருக்கு எப்படித் தெரியும்? யாரிடமும் கேட்கவில்லை. எதையும் எடுத்துப் பார்க்கவில்லை. யோசிக்கக்கூட இல்லை. என் வீட்டு நம்பரை நான் சொல்கிற மாதிரித் தட்டினார்.

அவளுடைய கணக்கு இன்னும் போனில்தான் கிடக்கிறது. ஒவ்வொன்றாய்த் திறந்து பார்த்தேன். ஓரிடத்தில், போன் இருக்கும் இடம் இன்னாருக்குக் காட்டப்படுகிறது என்று இருந்தது. இன்னார் ஸஜீத். அதே கோட்டுப் போட்ட படம். எதுவரை காட்டும்? நிறுத்தும்வரை. காலாவதித் திகதி இல்லை.

அப்படியென்றால் என் அலுமாரிக்குள் இந்தப் போன் இருப்பதும் அவருக்குத் தெரிகிறது.

உம்மாவிடம் சொன்னால், அது அவளுக்குப் போட்டது, உனக்கில்லையே என்பார். அவரும் மறந்துபோயிருக்கலாம். மறந்திருந்தால் நல்லது, நானே மன்னிப்புக் கேட்கிறேன். என் சிம்மை அதற்குள் போட்டேன். எதையும் நிறுத்தவில்லை.

மார்ச் 12, ஞாயிறு

நானா விடியவே லொறியில் எலுவன்குளத்துக்கு நெல் ஏற்றப் போனார். அவருடைய சோற்றுப் பார்சலுக்கு அடியில் நீலத்தைச் சுற்றி வைத்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. ஒன்றும் நடக்கக்கூடாது என்றுதான் துஆக் கேட்டேன்.

பகல் உம்மாவின் போன் அடித்தது. உம்மா வெங்காயக் கையோடு ஸ்பீக்கரில் போட்டார். ஸஜீத்.

"மாமி, ஸபீனா எலுவன்குளத்துக்கு என்னத்துக்குப் போன? காட்டுப் பக்கம்! யாரோட போன? நான் எவ்வளவு நேரமா அடிக்கிறன், எடுக்கிறா இல்ல!"

உம்மா என்னைப் பார்த்தார். நான் அவருக்கு முன்னால் பலகையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"மகள் இஞ்ச என்ட முன்னுக்கு இரிக்கிறா, தம்பி. அவ எலுவன்குளத்தில எண்டு உங்களுக்கு யார் சொன்ன?"

ஸஜீத் போனை வெட்டிவிட்டார். உம்மா கைகழுவாமல் அப்படியே இருந்தார். அழுதது வெங்காயத்துக்கு இல்லை. நானும் அழுதேன். சரியாகச் சந்தேகப்பட்டேன் என்று ஒரு துளி சந்தோஷமும் வரவில்லை. அந்தக் குரல் எனக்குப் பிடித்திருந்ததே!

பின்னேரம் நானா வந்தார். பார்சலுக்குள் போன் கத்திக்கொண்டே இருந்ததாம். எல்லாவற்றையும் சொன்னேன், திரையையும் காட்டினேன். போனைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே போய் லொறியில் இருந்தார். திரும்பி வந்து, "கையெழுத்து வெக்கிறவன் நான்தானே. நான் வெக்க மாட்டன்" என்றார். முதல்தரம் அவர் என் முகத்தைப் பார்த்து, "நீ என்ன சொல்ற?" என்றும் கேட்டார்.

வைக்கவேண்டாம் என்று சொன்னேன்.

மார்ச் 22, புதன்

நோன்புக்கு முன் கணக்குத் தீர்த்தாயிற்று. நிச்சயத்துக்குத் தந்த சீலைகள், வட்டிலப்பத் தட்டு, நீலம், எல்லாவற்றையும் நானா கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். சபூரா மாமி, "சந்தேகக்காரப் பொம்புளையிட்ட இருந்து தப்பினது எங்கட நல்ல காலம்" என்றாராம். சொல்லட்டும்.

கறுப்பை நேற்று நானே வாங்கினேன். இப்போது சார்ஜில் கிடக்கிறது. பாரம்தான்.

நீலத்தைப் பெட்டியில் வைக்குமுன் இரண்டு வேலை செய்தேன். முதலில் நஃபீஸாவை அதிலிருந்து வெளியே எடுத்தேன். பிறகு என் பெயரில் ஒரு கணக்குப் போட்டுப் பூட்டினேன். இனி ஸஜீத் அதைக் கடையில் கொடுத்து உள்ளே இருப்பதை அழித்தாலும், புது உறை போட்டு இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோனாலும், அந்த வீட்டுப் பிள்ளை ஓன் செய்யும்போது அது ஓர் எழுத்தையும் புள்ளிகளையும் காட்டும். கடவுச்சொல் கேட்கும். இந்த முறை அது அவருக்குத் தெரியாது.

அவளும் ஒருதரம் கேட்கட்டும், ஆரு இது என்று.