கிணத்துப் பூட்டு

அம்மா, முட்டிவலி தேவலையா? தைலம் தேய்ச்சுக்கிறியா? நான் நல்லாத்தான் இருக்கேன்.

இங்க ஒரு கூத்து. ஊர்க்கிணத்துத் தண்ணி கெட்டிருக்குன்னு மூடி போட்டுப் பூட்டினேன். சுகாதார அதிகாரின்னா சும்மாவா! விடியறதுக்குள்ள ஊர்க்காரங்க கொண்டியோட பேத்துட்டாங்க. வீட்டுக்கார அக்கா பூட்டை எடுத்துட்டு வந்து, "சாவியக் குடுங்க சார், புதுப்பூட்டு வீணாப் போகுதே"ங்கிறாங்க. சிரிச்சுட்டேன்.

அவங்க பொண்ணுக்கு வயித்தால போகுது. உப்புக்கரைசல் பொடி ஒரு பொட்டலம் குடுத்தேன். அதையும் அந்தத் தண்ணியிலதான் கலக்கியிருக்காங்க. "ஊர்ல வேற தண்ணி ஏது சார்?"னு கேட்டாங்க. அடுப்பைப் பத்தவெச்சு, அந்தத் தண்ணியையே கொதிக்க வெச்சேன்.

நம்ம பெரிய அண்டாவைக் குடுத்தனுப்பும்மா. என் சட்டியில ஒரு ஆளுக்குத்தான் வெந்நீர் காயுது. நீயே எடுத்துட்டு வந்தா... வேண்டாம், இந்தத் தண்ணி உனக்கு ஆகாது.

அக்கா கதவைத் தட்டுறாங்க. இன்னொரு பொட்டலம் வேணுமாம்.

உன் பையன்