உன் நம்பருக்கு வந்த எச்சரிக்கை

என் செல்லத் தம்பி செல்வத்துக்கு,

கார்த்திகை வந்துவிட்டதடா. எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக் முழுக்க வாசலில் அகல் எரிகிறது. சீர் கொண்டுவர ஆள் இல்லாததால் பொரியை நானே வாங்கிக்கொண்டேன். உன் மாமா ஒரு கைப்பிடி தின்றுவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். போன கார்த்திகைக்கு முந்தின கார்த்திகையில் பொரியும் வெல்லமும் கொண்டுவந்து இதே மேசையில்தானே வைத்தாய்? ஒரு வாய் டீ குடித்துவிட்டுப் போ என்றால் கேட்டாயா? மழைக்கு முன்னால் வீடு போய்ச் சேரவேண்டும் என்று பறந்தாய்.

தரைப்பாலத்திலிருந்து நீ போன் பண்ணியது இன்னும் என் காதிலேயே இருக்கிறது. தண்ணீர் பாலத்தைத் தொட்டு ஓடுகிறது என்றாய். திரும்பி வாடா என்றேன். "மைன்ஸ் தண்ணிதான்க்கா, வடிஞ்சிடும். பயந்துகினு நிக்காத, போய் வெளக்க ஏத்து" என்று சிரித்தாய்.

உன்னை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை. நம் ஊரில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை மோட்டார் வைத்து ஓடையில் விடுவதும், ஓடை ஏறுவதும், மோட்டார் நின்றால் இறங்குவதும் பிறந்ததிலிருந்து நாம் பார்த்து வளர்ந்தது. வெயில் காலத்திலும் ஏறும் ஓடையைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? அன்றைக்கு வந்தது மேலே முந்திரிக்காட்டில் கொட்டிய மழை. இரண்டுக்கும் பாலத்தில் நிற்கிறவன் எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பான்?

இப்போது அந்தப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பம் நட்டிருக்கிறார்கள். உச்சியில் சோலார் தகடு, அதன்கீழ் தண்ணீர் மட்டத்தை அளக்கிற சென்சார். மேட்டுப் பக்கம் மழை அளக்க இன்னும் சில பெட்டிகள். எல்லாக் கணக்கையும் ஏஐ சேர்த்துப் பார்த்து, வெள்ளம் வருவதற்கு முன்பே ஊர்க்காரர்களின் போனுக்குச் செய்தி அனுப்புகிறது. நல்ல காரியம்தான். ஆனால் முதன்முதலில் கம்பத்தைப் பார்த்தபோது எனக்கு ஆத்திரம்தான் வந்தது. உன்னைத் தூக்கிக்கொண்டு போன பிறகா இதற்கு வழி தெரிந்தது?

இன்னொன்று கேள். ரேஷன் கார்டில் இருந்த நம்பர்களை எடுத்துத்தான் பதிவு செய்தார்களாம். அதனால் உன் வீட்டுச் செய்தி உன் நம்பருக்கே வருகிறது. 'செல்வம் அவர்களுக்கு, தரைப்பாலத்தைக் கடக்க வேண்டாம்' என்று. தண்ணீரோடு போன உன் போனுக்குப் பதில், அதே நம்பரை உன் பெண்டாட்டி அமுதா வேறு போனில் போட்டு வைத்திருக்கிறாள்.

ஆரம்பத்தில் அந்த ஏஐயும் நம்மைப் போலவே குழம்பியது. நாம் வெள்ளத்தை மைன்ஸ் தண்ணீர் என்றோம், அது மைன்ஸ் தண்ணீரை வெள்ளம் என்றது. மோட்டார் ஓடினாலே எச்சரிக்கைதான். ஊரே சலித்துப்போய் போனைச் சைலண்டில் போட்டது. அமுதாவுக்கோ ஒவ்வொரு தடவையும் உன் பெயரைப் படித்துப் படித்து நெஞ்சு வெடித்தது. "போனவருக்குப் போவாதன்னு சொல்லிக்கினே இருக்குது அண்ணி. இந்த நம்பரே வேணாம், கட் பண்ணிடுங்க" என்று அழுதாள். பொறு என்றேன். அவளுக்காகச் சொன்னேனா, எனக்காகச் சொன்னேனா, தெரியவில்லை. பிறகு, மோட்டார் எப்போது ஓடுகிறது என்ற விவரத்தையும் அதற்குக் கொடுத்தார்கள். பொய் எச்சரிக்கை நின்றது. ஊர்தான் திரும்ப நம்பவில்லை.

போன வாரம் பொழுது சாய்கிற நேரத்தில் உன் போன் அடித்திருக்கிறது. அமுதா வாசலுக்கு வந்தால், உன் கூட்டாளி முருகன் ஷிப்டுக்குப் பைக்கை எடுத்துக்கொண்டிருக்கிறான். ஊரில் ஒரு சொட்டு மழை இல்லை.

"அண்ணே, போவாதீங்க. மெசேஜ் வந்திருக்குது."

"அட, அது எப்பவும் வர்றதுதானம்மா. மைன்ஸ் தண்ணிதான்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் அவள் ஓடிப்போய்ப் பைக் சாவியைப் பிடுங்கிவிட்டாளாம். உன் போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாளாம். "இதத்தான் அவரும் சொல்லிக்கினு போனாரு. அவரு பேருக்கு வந்திருக்குது, படிங்க. அவருதான் நில்லுன்னு சொல்றாருன்னு நெனச்சிக்கிங்க."

முருகன் படித்தான். பைக்கை ஸ்டாண்டு போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டானாம். கொஞ்ச நேரத்தில் பாலத்தின் மேல் செக்கச்செவேலென்று தண்ணீர் போனது. மறுநாள் என் வீட்டுக்கு வந்து, "அக்கா" என்று கூப்பிட்டுவிட்டு அழுதான். அவன் உயிரோடு நின்றது எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் அந்த இடத்தில் நீ நிற்கவில்லையே என்று வயிறு எரிந்தது. பொய் சொல்வானேன்?

அமுதா இப்போது நம்பரைக் கட் பண்ணச் சொல்வதில்லை. சாமி படத்துக்குப் பக்கத்தில் போனைச் சார்ஜில் போட்டு வைத்திருக்கிறாள். அதற்கு ரீசார்ஜ் நான்தான் செய்கிறேன். என் உயிர் இருக்கிறவரை உன் நம்பரைச் சாகவிட மாட்டேன், இது சத்தியம். அது அடிக்கும்போதெல்லாம் யாராவது ஒருவன் பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிடட்டும்.

திரும்பி வாடா என்று அன்று நான் சொன்னதை நீதான் கேட்கவில்லை.

வாசலில் உனக்கும் ஒரு அகல் ஏற்றியிருக்கும்,
உன் அக்கா