மாம்பழ ஜாமில் பாசி

4 ஜூன் 1962, திங்கள்
இன்றும் ஜாம் கெட்டது. பாசிப் பொடியைப் பழக்கூழோடு சேர்த்தே கொதிக்க விட்டேன். மீன் கழுவின தண்ணீர் நாற்றம். இரண்டு படி கூழ் வீண்.

பால்வாடிப் பயிற்சியில் டீச்சர் பாட்டிலில் கொடுத்தனுப்பிய பாசி, நான் வேலை பார்க்கும் பால்வாடிக்குப் பின்னால் சிமெண்டுத் தொட்டியில் பச்சைப் பசேலென்று வளர்ந்து நிற்கிறது. பருப்பை விடச் சத்து என்றார். சேரிப் பிள்ளைகள் மாதத்தில் எத்தனை நாள் பருப்பைப் பார்க்கிறார்கள்? பால் பவுடரும் மூன்று மாதமாக வரவில்லை. விடமாட்டேன்.

7 ஜூன்
அடுப்பிலிருந்து இறக்கி, சூடு தணிந்த பிறகு பொடியைக் கலந்தேன். நாற்றம் இல்லை. நிறம்தான் வாழைக்காய்த் தோல். வழித்து வழித்துத் தின்றேன்.

11 ஜூன்
பிளாக் ஆபீசர் வேதகிரி வந்தார். "நாவல்பழத்துல கலந்துடும்மா. கருப்புல யாருக்குத் தெரியப்போவுது?"

"சொல்லாமக் குடுக்க மாட்டேன் சார்."

"அவங்களுக்கு இன்னாம்மா தெரியும்?"

அவங்களுக்கு. நான் மாகறல் சேரியில் பிறந்தவள். தெரியாமல் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா?

15 ஜூன்
தாய்மார்களைக் கூட்டித் தொட்டியைக் காட்டினேன். மூன்று பிள்ளைக்காரி செங்கேணி எட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஊசிப்போன சோத்தத்தான் சேரிக்குப் போடுவாங்க. இப்ப பாசியா? ஊர்க்காரன் வூட்டுப் புள்ளைக்கு இதக் குடுப்பியா மேரி?"

"அந்த ஆபீசர இங்க வந்து எங்க முன்னால ஒரு வாய் தின்னச் சொல்லு," என்றாள் சொக்கம்மாள். "அப்பறம் எங்க புள்ளைங்க தின்னும்."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ராத்திரி பகல் பாராமல் உழைத்தவள் நான். ஆனால் அவர்கள் கேட்டதில் என்ன தப்பு?

22 ஜூன்
வந்தார். வேதகிரியைப் பார்க்கத் தெருவே கூடி நின்றது. தட்டில் ஜாம் வைத்து நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எனக்கு இனிப்பு ஆவாதும்மா."

"போன வாரம் பஞ்சாயத்துத் தலைவர் வூட்டுக் கல்யாணத்துல ஜாங்கிரி தின்னீங்களே சார். நானும் பார்த்துக்கினுதானே இருந்தேன்."

எல்லார் காதிலும் விழுந்தது. விழட்டும் என்றுதான் கேட்டேன். ஜீப் போய்விட்டது. வேலையும் போகுமோ? போனால் போகட்டும். களை பறிப்பது என் கைக்கு மறந்துவிடவில்லை.

26 ஜூன்
உத்தரவு வந்துவிட்டது. சுகாதாரக் கேடாம். சனிக்கிழமைக்குள் தொட்டியைக் காலி செய்து ரிப்போர்ட் அனுப்ப வேண்டும். அழுதேன்.

30 ஜூன், சனி
தொட்டியைக் காலி செய்ய மனசு வராமல் நின்றுகொண்டிருந்தேன். செங்கேணி பானையோடு வந்தாள்.

"கொட்டத்தானே போற. இதுல கொட்டு."

"பாசி வேணான்னியே."

"ஜீப்புல வந்தவன மூஞ்சிக்கு நேரா கேட்டவ, எங்க புள்ளைக்கிக் கெட்டதக் குடுக்க மாட்ட."

அவளுக்குப் பின்னால் சொக்கம்மாள், இன்னும் பத்துப் பேர், ஆளுக்கொரு பானையோடு. மொண்டு மொண்டு ஊற்றினேன். வெயிலில் வைக்க வேண்டும், அடிக்கடி குச்சியால் கலக்க வேண்டும் என்று ஒவ்வொருத்தியிடமும் சொன்னேன்.

பிறகு கை கழுவிக்கொண்டு உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதினேன். உத்தரவுப்படி தொட்டி காலி செய்யப்பட்டது. ஒரு வார்த்தை பொய்யில்லை.